மூன்று வீட்டு மோட்டார்

நாலே முக்காலுக்கு எழுந்தேன். முதல் நாள் வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில் முகம் கழுவினேன். வடிகட்டியிலிருந்து பெரிய பாத்திரத்தை நிரப்பி அடுப்பில் ஏற்றினேன். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு நாற்பத்திரண்டு படி இறங்கினேன். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து, எங்கள் வால்வைத் திருப்பி, ஐந்து மணிக்கு மோட்டாரைப் போட்டேன். பெட்டியைப் பூட்டினேன். நாற்பத்திரண்டு படி ஏறினேன். தண்ணீர் கொதி வந்திருந்தது. ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கினேன்.

இந்த நாட்டுக்கு வந்து ஒன்றே முக்கால் வருடம். இந்தத் தண்ணீர் வேலையில் ஞாயிறு, திங்கள் என்ற வித்தியாசம் கிடையாது. முன்பு என் மனைவி செய்தாள். ஐந்து மாதமாக நான்.

கட்டடத்தில் மூன்று வீடு. தரையில் தையல்காரம்மா. நடுவில் பஸ் ஓட்டுபவரின் குடும்பம். மேலே நாங்கள். ராத்திரி தெருக்குழாயில் வரும் தண்ணீர் கீழ்த்தொட்டியில் சேரும். அதை மொட்டை மாடியில் இருக்கும் மூன்று தொட்டிகளுக்கு ஏற்ற ஒரே மோட்டார். ஆறு மணிக்குக் கரண்ட் போய்விடும். ஒன்பதுக்கு வரும் என்பார்கள். ஆக, ஐந்திலிருந்து ஆறு வரை, வீட்டுக்கு இருபது நிமிடம். மோட்டார் ஓடும்போது யாராவது வால்வைத் திருப்பினால் பழைய குழாயின் மூட்டு பிய்த்துக்கொள்ளும். அதனால் ஓடும்போதும் பெட்டி பூட்டியிருக்க வேண்டும். வீட்டுக்காரர் கொடுத்தது ஒரே ஒரு சாவி. நாங்கள் நிறுத்தி நடுவீட்டில் கொடுக்க வேண்டும். நடுவீடு தரைவீட்டுக்கு. சாயங்காலம் தையல்காரம்மா அதை மேலே கொண்டுவந்து தருவார்.

நான் பிளாஸ்டிக் குழாய்த் தொழிற்சாலையில் ஷிப்ட் பொறியாளர். ஊருக்கெல்லாம் குழாய் போடுகிறவர் பெண்டாட்டி வாளி தூக்குகிறாள் என்று அவள் கேலி செய்வாள். கேலி செய்துகொண்டே தூக்குவாள்.

அன்று சாயங்காலம் ஆறரை மணி விமானத்தில் எங்கள் பாப்பா ஊருக்குப் போவதாக இருந்தது. நாலு வயது. கூட்டிப்போக வந்திருந்தவர் என் மனைவியின் அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை. கல்யாணமாகிப் பதினான்கு வருடம், குழந்தை இல்லை. பத்து நாள் லீவு போட்டு வந்திருந்தார். போகும்போது இரண்டு டிக்கெட்.

அதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு வாக்கியம்.

அவள் இறந்த அன்று போனில் அக்கா கேட்டார், கடைசியாக என்ன சொன்னாள் என்று. பின்னால் மாமனார் அழுவது கேட்டது. இன்னும் பத்துப் பேர் மூச்சுவிடுவது கேட்டது. எல்லோரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். பாப்பாவை அக்காவிடம் கொடுங்கள் என்றாள், என்று சொன்னேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. பாப்பாவைப் பற்றியே சொல்லவில்லை.

அவளை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அந்த வாக்கியம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. முகம் தெரியாத பெரியவர்கள்கூட என் தோளைத் தொட்டு, சாகப்போறவ வாக்கு, தட்டாதீங்க என்றார்கள். ஆறு மாதம் போகட்டும் என்று சொல்லிப் பாப்பாவுடன் திரும்பி வந்தேன். ஒரு மாதம் முன்னதாகவே அக்கா வந்துவிட்டார். அங்கே பாப்பாவுக்கு அறை தயார். பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கியாகிவிட்டது. போட்டோ காட்டினார்.

கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு வழிதான் இருந்தது, அவள் அப்படிச் சொல்லவில்லை என்பது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியானால் என்னதான் சொன்னாள் என்று. அந்தக் கேள்விக்குத்தான் ஐந்து மாதமாக ஒளிந்துகொண்டிருந்தேன்.

அன்று காலை பாப்பாவைக் குளிப்பாட்டுவது என் வேலை. ஐந்து இருபதுக்கு மோட்டாரை நிறுத்துவதை அக்கா ஏற்றுக்கொண்டார். சாவியை அவர் கையில் கொடுத்தேன். பாப்பா புது கவுனைப் போட மாட்டேன் என்று தரையில் படுத்துவிட்டாள். அக்கா அவளுடன் மல்லுக்கட்டப் போனார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டபோது ஐந்து முப்பத்தைந்து. பஸ் ஓட்டுபவர் சீருடையில் நின்றிருந்தார். உள்ளங்கையை மட்டும் நீட்டினார். மேலே எங்கள் தொட்டி வழிந்து வெளிச்சுவரில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு சாவியோடு கீழே ஓடினார். திரும்பி வர நேரமாயிற்று. வந்தவர் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அந்தப் பெட்டிக்குள்ள ஒரு அட்டை ஒட்டியிருக்கே.”

“ஆமாக்கா.”

“அவ கையெழுத்துத்தானே? இந்த ஊர் எழுத்துல எழுதியிருக்கா. ஆனா எழுத்தச் சாய்ச்சு எழுதறது அவதான்.”

பத்து நாளில் அவர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. நான் சொன்னதும் இல்லை.

வந்த புதிதில் இங்கே தண்ணீருக்கு தினமும் சண்டை. யார் முதலில் எழுகிறாரோ அவர் தொட்டி நிரம்பும். ராத்திரி வெகுநேரம் தைக்கும் தையல்காரம்மா கடைசியில் எழுவார், அவருக்குச் சேறுதான். ஒருநாள் அவர் எங்கள் கதவுக்கு முன்னால் காலி வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போனார். அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போனாள். அப்போது அவளுக்கு இந்த மொழியில் நாற்பது வார்த்தை தெரியும். ‘எண்ணி வைத்திருக்கிறேன்’ என்பாள். நாற்பதில் பத்து எண்கள். அதை வைத்துத்தான் பேசினாள். மூன்று நாள் கழித்து மூன்று வீட்டுக்கும் கட்டம் போட்டு அட்டை எழுதினாள். முதல் மாதம் கையில் கடிகாரத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நடுவீட்டுக்காரர் அவளைப் போலீஸ் என்று கூப்பிட ஆரம்பித்தார். அப்புறம் கட்டடமே கூப்பிட்டது.

இதைச் சுருக்கமாகச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே பாப்பாவின் தலையைப் பின்னினார்.

“இந்த ஊர்ல மனுஷி இருப்பாளான்னு என்கிட்ட போன்ல அழுதாளே.”

“அது முதல் ரெண்டு மாசம்.”

“அப்புறம் ஒண்ணும் சொல்லலையே.”

“அப்புறம் அவ போன் பண்றதே கொறஞ்சு போச்சு.”

அக்கா பின்னலை இறுக்கினார். பாப்பா கத்தினாள். இந்த ஊர் மொழியில் கத்தினாள். அவளைக் கீழே விட்டுவிட்டு நான் வேலைக்குப் போகும் நாட்களில் தையல்காரம்மாவிடம் பழகியது. அக்கா என்னைப் பார்த்தார். இதுதான் நான் சொன்னேன் என்கிற பார்வை. முந்தின நாள் சாப்பிடும்போது சொல்லியிருந்தார், இன்னும் ஆறு மாசம் போனா இதுக்கும் நமக்கும் நடுவுல மொழிபெயர்க்க ஆள் வைக்கணும் என்று.

நாங்கள் கிளம்பி இறங்கும்போது தையல்காரம்மா கதவில் நின்றார். பத்து நிமிடத் தண்ணீர்தான் கிடைத்திருக்கும். அதைப்பற்றிப் பேசவில்லை. பாப்பாவின் கையில் துணித்துண்டுகளால் தைத்த சின்னப் பை ஒன்றைக் கொடுத்தார். பாப்பா பையை மாட்டிக்கொண்டு, சாயந்திரம் இது நிறையக் கல் பொறுக்கி வந்து காட்டுகிறேன் என்றாள். அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் வண்டி வந்துவிட்டதா என்று தெருவைப் பார்த்தேன்.

பெற்றோர் இல்லாமல் ஒரு குழந்தை நாட்டைவிட்டுப் போக, தகப்பன் குடியேற்ற அலுவலகத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு மணி வரைதான் வாங்குவார்கள். அலுவலக வாசலில் தார்ப்பாய் கட்டி, வரிசையாக மேஜை போட்டு, மனு டைப் அடிப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் காதில் பென்சில் செருகிய வயதானவர். எங்களுக்குப் பின்னால் ஆறு பேர். மணி பத்தரை.

அக்கா எல்லாத் தாளையும் பிளாஸ்டிக் உறையில் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். என் கம்பெனிக் கடிதம், பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, மூன்று பாஸ்போர்ட். டைப் அடிப்பவர் அதைப் பார்த்துவிட்டு, இந்தம்மாவை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், எனக்கு உதவியாக இருக்கும் என்றார். அக்காவிடம் சொன்னேன். பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

“ஓய்வு வாங்கினதும் வரேன்னு சொல்லுங்க.”

பெயர், வயது, தொழில், முகவரி. டைப் அடிப்பவர் கேட்டார், நான் சொன்னேன். பாப்பா மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பைக்குள் கூழாங்கல் போட்டுக்கொண்டிருந்தாள். வாயால் மோட்டார் ஓட்டினாள். நிறுத்துவாள், கையை நீட்டிச் சாவி வாங்குவாள், திரும்ப ஓட்டுவாள். அது அவள் விளையாட்டு.

கடைசியில் காரணம் என்று ஒரு கட்டம். அவர் கேட்டார். நான் அக்காவிடம் தமிழில் சொன்னேன்.

“தாயின் கடைசி விருப்பப்படின்னு போடுங்க,” என்றார் அக்கா.

டைப் அடிப்பவரின் விரல்கள் எழுத்துகளுக்கு மேலே நின்றன.

“சொல்லுங்க தம்பி. அவர் கேக்கறாரில்ல?”

நான் என்ன சொன்னாலும் அக்காவுக்குப் புரியாது. படிப்புக்காக என்று சொல்லலாம். உறவினர் பராமரிப்புக்காக என்று சொல்லலாம். கட்டம் நிரம்பிவிடும். பாப்பா போய்விடுவாள். வீட்டுக்குப் போய் நாளை நாலே முக்காலுக்கு எழுந்து தண்ணீர் கொதிக்க வைக்கலாம், ஒரு ஆளுக்கு. அந்தப் பெரிய பாத்திரம் வேண்டாம். சின்னது போதும். எதைக் கொதிக்க வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். டைப் அடிப்பவர் மறுபடி கேட்டார். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

“எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான்,” என்றார் அக்கா. “காரணம் எழுதாத பத்திரம் நிக்காது. உள்ளதச் சொல்லுங்க.”

கீழே பாப்பா மோட்டாரை நிறுத்தினாள்.

“அவ அப்படிச் சொல்லலக்கா.”

“எப்படி?”

“பாப்பாவ உங்ககிட்ட குடுக்கச் சொல்லல. நானா சொன்னது.”

அக்கா உறையிலிருந்த தாள்களை மேஜையில் தட்டி ஒழுங்குபடுத்தினார். ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன. டைப் அடிப்பவரைப் பார்த்துத் தலையசைத்து, அடுத்தவரை வரச் சொல்லுங்கள் என்று கையால் காட்டினார். மொழி தேவைப்படவில்லை. அவர் பாதி அடித்த தாளை உருவி என்னிடம் நீட்டினார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் இருந்த பெஞ்சுக்கு வந்தோம்.

அலுவலக வாசல் கடிகாரத்தில் பதினொன்று ஆகப் பத்து நிமிடம் இருந்தது. இன்னும் நேரம் இருந்தது. அக்கா நினைத்தால் மறுபடி வரிசையில் நிற்கலாம். படிப்புக்காக என்று எழுதச் சொல்லலாம். நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்த நேரத்தில் யார் எதைச் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்.

“எங்கப்பா அத தினம் ஒரு தடவையாவது சொல்றாரு,” என்றார். “போற நேரத்துலயும் அக்காவ நெனச்சாளேன்னு. அத சொல்லிச் சொல்லித்தான் ரெண்டு வாய் சாப்பிடறாரு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எனக்குப் பிள்ளை இல்லன்னு பரிதாபப்பட்டுச் சொன்னீங்களா?”

“இல்லக்கா.”

“பின்ன?”

“அன்னிக்கு யாராவது பாப்பாவ வாங்கிக்கிட்டா போதும்னு இருந்துச்சு. உங்க குரல் கேட்டுச்சு. வாயில வந்துச்சு.”

“இப்போ?”

“இப்போ அப்படி இல்ல.”

பாப்பா பெரியம்மாவின் மடியில் ஏறிக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக அவர் கையில் வைத்தாள். அவர் மூடிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“அப்போ என்னதான் சொன்னா? அதச் சொல்லுங்க. இந்தத் தடவ சேக்காம, கொறைக்காம.”

சொன்னேன். முதல் தடவை சொல்லும்போது என் குரல் அறிக்கை வாசிப்பதுபோல இருந்தது. அவர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கேட்டார். நான்கு என்றேன். அந்த நான்கு நிமிடத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். நீங்க நம்பறீங்களா என்றார். தெரியவில்லை என்றேன். அவர் திட்டவில்லை. திட்டுவார் என்றுதான் ஐந்து மாதம் ஒளிந்திருந்தேன்.

“தையல்காரம்மாவுக்கு இன்னிக்கும் தண்ணி கெடைக்கல, இல்ல?” என்றார்.

“பத்து நிமிஷம் கெடைச்சிருக்கும்.”

“என்னால.”

பிறகு கைப்பையைத் திறந்து பாப்பாவின் பாஸ்போர்ட்டை எடுத்து என் முழங்கால்மேல் வைத்தார். கூழாங்கற்களைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“அப்பாகிட்ட நீங்கதான் பேசணும். நான் சொல்ல மாட்டேன். இதக் கேட்டுட்டு அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கணும்.”

சரி என்றேன்.

“அடுத்த வருஷம் லீவுக்குக் கூட்டிட்டு வாங்க. பச்ச பெயின்ட்ட அதுக்குள்ள மாத்த மாட்டேன்.”

ஆறரை மணி விமானத்தில் அவர் தனியாகப் போனார். அடுத்த ஞாயிறு மாமனாருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு, அதை இன்னொரு தடவை சொல்லு என்றார். அவருக்குச் சொன்னதுதான் இது.

அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். மாத்திரைக்குக் குறைந்தது, திரும்ப வந்தது. நான்காம் நாள் நாலரைக்கு எழுந்து பார்த்தபோது மூச்சு வேகமாக இருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், மூடினாள். கம்பெனி வேனுக்குப் போன் செய்தேன். அரை மணி என்றார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் கீழே போய் ஐந்து மணிக்கு மோட்டாரைப் போட்டேன். பூட்டினேன். மேலே வந்து சாவியை ஆணியில் மாட்டினேன். அவள் படுத்த மூன்று நாளாக அப்படித்தான் பழக்கம். தையல்காரம்மா எழுந்து வந்து, தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து பதினாறுக்கு வேன் வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு நாற்பத்திரண்டு படி இறங்கினேன். கனமே இல்லை. பின் இருக்கையில் சாய்த்து, என் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்தேன். நானும் ஏறிக் கதவை இழுத்தேன். வண்டி கிளம்பியது. அவள் கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தாள். வண்டி நின்றது, நான்தான் நிறுத்தச் சொன்னேன். காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவள் சொன்னதைக் கேட்டு இறங்கி ஓடினேன். மேலே போய்ச் சாவியை எடுத்து, கீழே வந்து பெட்டியைத் திறந்து நிறுத்தி, நடுவீட்டுக் கதவைத் தட்டிச் சாவியைக் கொடுத்தேன். மேலே பாப்பாவோடு இருந்த தையல்காரம்மாவுக்கு ஒரு குரல் கொடுத்திருந்தால் அவரே நிறுத்தியிருப்பார். தோன்றவில்லை. திரும்பி வந்தபோது அவள் கண் மூடியிருந்தது. அதற்குப்பின் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம். ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் சொன்னது இதுதான்.

“மோட்டார் ஓடுது. கீழ்வீட்டுக்குத் தண்ணி இருக்காது. நிறுத்திட்டு வாங்க.”